ஃபார்மட்டா, ரிப்பேரா, புது விண்டோஸா?
ஓசூர் பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு

மாலை ஷிஃப்ட் மாறும் நேரம். ஓசூர் சிப்காட்டின் சின்னப் பட்டறை ஒன்றில் ஜாப் ஒர்க் முடிந்த உதிரிபாகங்கள் கிரேட்டுகளில் அடுக்கப்பட்டு வேனில் ஏறிவிட்டன. கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தாண்டி பொம்மசந்திரா போக வேண்டிய சரக்கு. பில் போடும் கம்ப்யூட்டர் மட்டும் நீலத் திரையில் நின்றுவிட்டது. சோக முகம் ஒன்று, அதன் கீழே ஒரு பிழைக் குறியீடு. திரையில் ஏறும் சதவீதம் நூறைத் தொட்டதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுகிறது. மறுபடியும் அதே நீலம். சர்வீஸ் ஆளுக்குப் போன் போகிறது. “விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும், ஃபார்மட் போட்டுடலாம். பழைய சிஸ்டம்தானே, அப்படியே லெவனுக்கு மாத்திடுங்க” என்று பதில் வருகிறது.

அந்த ஒரு பதிலில் இரண்டு முடிவுகள் கலந்துகிடக்கின்றன. கெட்டுப்போன இயங்குதளத்தைச் சரிசெய்வது ஒன்று. பழைய இயங்குதளத்தை விட்டுப் புதியதற்குப் போவது இன்னொன்று. முதலாவது இன்றைய கோளாறுக்கான வேலை. இரண்டாவது அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கான ஏற்பாடு. இரண்டையும் ஒரே மாலையில், அவசரத்தில், ஒரே ஆளிடம் விட்டுவிடுவதால்தான் இந்தத் தொழிற்பேட்டைகளில் கணக்கும் டிராயிங்கும் தொலைந்துபோகின்றன.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அன்று எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை. மாதந்தோறும் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றன. அதனால் இப்போது ஒவ்வொரு நீலத் திரையும் கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறது: இதற்கு மேலும் இந்தச் சிஸ்டத்தில் செலவு செய்ய வேண்டுமா?

எல்லையில் நிற்கும் வேன்

எழுபதுகளில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவை எண்பதுகளில் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி லேத், பிரஸ், பிளேட்டிங், கேஜ் செய்யும் சிறு பட்டறைகள் முளைத்தன. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸும் இருக்கின்றன. பெரிய ஆலைகளில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளத் தனித் துறை உண்டு. சிறு பட்டறையில் அந்த வேலை கணக்கர், முதலாளியின் மகன், வெளியிலிருந்து வரும் சர்வீஸ் ஆள் என்று யாராவது ஒருவர் தலையில் விழுகிறது.

எல்லையோரத்தில் இருப்பதால் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கை நகர்த்த 1 லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால்தான் இ-வே பில் வேண்டும். மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000 ரூபாய். ஜாப் ஒர்க்குக்காகப் பொருளின் உரிமையாளர் வேறு மாநிலத்துக்குச் சரக்கை அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சேலத்துக்குப் பொருந்தும் விதி, சில கிலோமீட்டரில் இருக்கும் அத்திப்பள்ளிக்குப் பொருந்தாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயமாகிவிட்டது. அதனால் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றால் வேனும் நிற்கிறது.

இ-வே பில்லை வேறொரு கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ கூட எடுத்துவிடலாம். எடுக்க முடியாதது டேலியில் இருக்கும் கணக்கு, பழைய சலான், வாடிக்கையாளர் அனுப்பிய டிராயிங். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். டேட்டாவைப் போட முடியாது. ரிப்பேரா அப்கிரேடா என்ற கேள்விக்கு முன்னால் பேக்கப் என்ற கேள்வி நிற்பது இதனால்தான்.

[பெட்டி] எது எப்போது முடிந்தது
விண்டோஸ் எக்ஸ்பி: 2014 ஏப்ரல் 8.
விண்டோஸ் 7: 2020 ஜனவரி 14.
விண்டோஸ் 8.1: 2023 ஜனவரி 10.
விண்டோஸ் 10 ஹோம், புரோ: 2025 அக்டோபர் 14.
விண்டோஸ் 10 நீண்டகாலப் பதிப்புகள் வேறு கணக்கு: எல்டிஎஸ்சி 2019-க்கு 2029 ஜனவரி வரை, எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரி வரை, அதன் ஐஓடி பதிப்புக்கு 2032 ஜனவரி வரை திருத்தங்கள் உண்டு. மெஷினோடு சேர்ந்து வந்த கம்ப்யூட்டர்களில் இந்தப் பதிப்புகள் இருக்க வாய்ப்புண்டு. ‘வின்வெர்’ என்று தட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

விண்டோஸா, வன்பொருளா?

நீலத் திரை வந்தாலே விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பது பரவலான பழக்கம். பல நேரங்களில் கெட்டது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால் கம்ப்யூட்டரின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் ஜிஎஸ்டி தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. ‘நெட் வருது, சைட் மட்டும் திறக்கல’ என்ற புகார் கிளம்பும். அதே பேட்டரியால் பயாஸ் அமைப்புகள் அழிந்து, டிஸ்க்கைப் படிக்கும் முறை மாறிவிட்டால், விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் நீலத் திரையில் விழும். இரண்டுக்கும் மருந்து ஒரு சின்ன பேட்டரியும் சரியான பயாஸ் அமைப்பும்தான். இதற்கு ஃபார்மட் போட்டால் கோளாறு அப்படியே இருக்கும், டேட்டா மட்டும் போயிருக்கும்.

பட்டறைச் சூழல் கம்ப்யூட்டருக்குக் கடுமையானது. கூலன்ட் ஆவியும் கிரைண்டிங் தூசியும் ஃபேனில் படிந்து பிராசசரைச் சூடாக்குகின்றன. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் ஆலைகளில் கல்தூசியே போதும். சூட்டில் தானாக அணையும் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டு என்ன பயன்? ரேமின் முனைகளைத் துடைத்து மறுபடி செருகுவது, விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனையை ஓட்டுவது, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்ப்பது, யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே தாங்குகிறதா என்று பார்ப்பது — இவை முடிந்த பிறகே இயங்குதளத்தின் மேல் சந்தேகம் போக வேண்டும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால் விண்டோஸ் கோப்புகள் பாதியில் அறுந்து நிற்கும். அது நிஜமான இயங்குதளக் கோளாறு. ஆனால் அதற்கான முதல் செலவு யுபிஎஸ் பேட்டரிக்குத்தான்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் நீலத் திரைக்குப் போயின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றும் கெட்டது விண்டோஸ் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பில் பிழை இருந்தது. சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை அழித்ததும் கம்ப்யூட்டர்கள் எழுந்துவிட்டன. அன்று அவசரப்பட்டு ஃபார்மட் போட்டிருந்தால் வீணாகியிருக்கும்.

ரிப்பேருக்கு ஒரு வரிசை உண்டு

திரையில் வரும் பிழைக் குறியீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது முதல் வேலை. பிரிண்டர், பென்டிரைவ், டோங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது அடுத்தது. டிஸ்க்கில் சந்தேகம் இருந்தால் அதில் எந்தச் சோதனையையும் ஓட்டக்கூடாது. கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி முதலில் டேட்டாவை நகலெடுக்க வேண்டும். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் ‘செக்டிஸ்க்’ ஓட்டுவது அதன் கடைசி மூச்சையும் வாங்கிவிடும்.

டேட்டா பத்திரமான பிறகு மென்மையான வழியிலிருந்து கடுமையான வழிக்குப் போக வேண்டும். சேஃப் மோடில் எழுப்பி, கடைசியாக வந்த அப்டேட்டையோ டிரைவரையோ நீக்கிப் பார்க்கலாம். சிஸ்டம் ரெஸ்டோர் பதிவு இருந்தால் முந்தைய தேதிக்குத் திரும்பலாம். பிறகு ‘டிஸ்ம்’ கட்டளை, அதன் பின் ‘எஸ்எஃப்சி’ கட்டளை. டிஸ்ம் சேமிப்பில் உள்ள மூலக்கோப்புகளைச் சரிசெய்யும்; அந்த மூலத்திலிருந்து எடுத்துத்தான் எஸ்எஃப்சி கெட்ட கோப்புகளை மாற்றும். வரிசை மாறினால் கெட்ட மூலத்திலிருந்தே கோப்பு எடுக்கப்படும். இதற்கும் அடங்காவிட்டால், அதே பதிப்பின் விண்டோஸை இருப்பதன் மேலேயே நிறுவலாம். புரோகிராம்களும் கோப்புகளும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகும். சர்வீஸ் ஆட்கள் இந்த வழியை அதிகம் நாடுவதில்லை. ஃபார்மட் அவர்களுக்குச் சீக்கிரம் முடிகிற, நிச்சயமான வேலை. அதற்குப் பிறகு டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர், கேம் (CAM) மென்பொருள் என்று ஒவ்வொன்றாக மீண்டும் அமைக்கும் நாட்கள் பட்டறைக்காரருடையவை. அதே பதிப்பை மேலே நிறுவுவதைக் கேட்டு வாங்குவது நல்லது.

நோயுள்ள சிஸ்டத்தை அப்படியே விண்டோஸ் 11-க்கு அப்கிரேட் செய்வது மட்டும் கூடாது. பழுதான டிரைவரும் வைரஸும் கிராக் செய்து போட்ட மென்பொருளும் புதிய வீட்டுக்குக் கூடவே குடிவரும். ஈரம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்தது போலத்தான் ஆகும். ஒன்று, முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு மாற வேண்டும். இல்லையென்றால், டேட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு காலி டிஸ்க்கில் புதிதாகப் போட வேண்டும். பழைய டிஸ்க்கைத் தொடாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி வாங்கி அதில் போடுவதுதான் எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பு. பின்னால், விடுபட்ட ஏதோ ஒன்று கட்டாயம் நினைவுக்கு வரும்.

அலுவலகக் கம்ப்யூட்டர் மாறித்தான் ஆக வேண்டும்

இணையத்தோடு இணைந்து, வங்கி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் எல்லாம் பார்க்கும் கம்ப்யூட்டர் திருத்தம் இல்லாத இயங்குதளத்தில் இருக்கக்கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. விண்டோஸ் 7-இல் இன்னும் பில் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: குரோம் பிரவுசர் 2023-இன் தொடக்கத்திலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இயங்குதளம் ஓடினாலும் அதன் மேல் ஓட வேண்டியவை ஒவ்வொன்றாக விலகிவிடுகின்றன. கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய டேலியோடு பழைய கம்ப்யூட்டரில் காலம் தள்ளும் வழியை அதுவும் அடைத்துவிட்டது.

விண்டோஸ் 11 கேட்பவை: 64-பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். முதல் எட்டாம் தலைமுறைச் சில்லுகள் வந்தது 2017-இல். ஆனால் ‘இந்தச் சிஸ்டம் தகுதியில்லை’ என்று திரை சொன்னதும் நம்பிவிடக் கூடாது. டிபிஎம் பல மதர்போர்டுகளில் உள்ளேயே இருக்கிறது, பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்டெலில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். அதை இயக்கிவிட்டால் சில சிஸ்டங்கள் தேர்ச்சி பெற்றுவிடும்.

பெங்களூரு எஸ்பி ரோட்டில் பயன்படுத்திய கம்ப்யூட்டர் வாங்குவது இந்தப் பகுதிக்குப் பழக்கமானது. ஐடி நிறுவனங்கள் கழித்துவிட்ட நல்ல பிராண்டு சிஸ்டங்கள் அங்கே கிடைக்கும். ஆறாம், ஏழாம் தலைமுறைச் சிஸ்டங்கள் மலிவாகக் கண்ணில் படும்போது யோசிக்க வேண்டும்: விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்பதற்காகவே அவை கழிக்கப்பட்டிருக்கக்கூடும். தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருபவர்கள் உண்டு. அப்படிப் போட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. எந்த அப்டேட்டுக்காக மாறுகிறோமோ அதுவே நிச்சயமில்லை என்றால் மாறியது எதற்கு?

இன்னொரு எச்சரிக்கை. புதிதாக நிறுவும் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் தகுதியுள்ள சிஸ்டங்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அடுத்த முறை கோளாறு வந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, நிறுவியபோது பயன்படுத்திய மின்னஞ்சல் கணக்கில் இருக்கும். அது சர்வீஸ் ஆளின் கணக்காக இருந்து, அவர் ஊர் மாறிப் போயிருந்தால் டேட்டா போனது போனதுதான். நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலில் நிறுவி, சாவியை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

[பெட்டி] கால அவகாசம் வாங்கலாம்
விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களைக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். தனிநபருக்கு 2026 அக்டோபர் 13 வரை, 30 டாலர். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் கட்டணமில்லை. நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பாகும்: 122, பிறகு 244. அதிகபட்சம் மூன்று ஆண்டு. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 427 டாலர். அந்தத் தொகைக்குப் பெரும்பாலும் வேறொரு கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். ஓராண்டு அவகாசமாகக் கொள்ளலாம், நிரந்தர வழியாகக் கொள்ளக்கூடாது.

மெஷினோடு பிணைந்த கம்ப்யூட்டர்

ஷாப் ஃப்ளோரில் நியாயம் வேறு. லேசர் மார்க்கிங், சிஎம்எம், பேலன்சிங், சோதனை பெஞ்ச், விஎம்சிக்கு புரோகிராம் அனுப்பும் கம்ப்யூட்டர் ஆகியவற்றில் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ இன்னும் ஓடுவது சோம்பலால் அல்ல. சீமென்ஸ் 840டி போன்ற கண்ட்ரோலர்களின் திரைப்பகுதியே எக்ஸ்பியில் ஓடிய காலம் இருந்தது. மெஷினின் ஆயுள் 20, 25 ஆண்டு. அதோடு வந்த மென்பொருளை எழுதிய நிறுவனமே சில நேரங்களில் இன்று இல்லை. உள்ளே இருக்கும் பழைய பிசிஐ கார்டுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. 16-பிட் காலத்துப் புரோகிராம்கள் அதில் ஓடவே ஓடாது.

இது தெரியாமல் அப்கிரேட் செய்தால் விளைவு உடனே தெரியும். பல பழைய மெஷின்கள் எஸ்எம்பி-1 என்ற பழைய முறையில்தான் ஷேர் ஃபோல்டரிலிருந்து புரோகிராமைப் படிக்கின்றன. 2017-இன் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே புதிதாக நிறுவும்போது அந்த முறை சேர்க்கப்படுவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் கறாரானது. அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரை மாற்றியதும் ஷாப் ஃப்ளோரில் மெஷின் புரோகிராம் வராமல் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். செட்டர் கேபிளைச் சந்தேகித்து நாள் முழுக்கத் தேடுவார்.

ஆனால் அந்தப் பழைய முறையைத் திறந்து விடுவதும் ஆபத்து. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் பரவியது இதே எஸ்எம்பி-1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. சென்னை ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைக்கு அதே வானாக்ரையின் ஒரு வடிவம் வந்தது. வைரஸ் சோதனை செய்யாமல் ஒரு புதிய கருவியை நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம்; திருத்தம் போடாத விண்டோஸ் 7-களில் அது பரவி உற்பத்தி சில நாட்கள் தடைபட்டது. உலகின் முதன்மையான சிப் ஆலைக்கு நேர்ந்தது பென்டிரைவில் புரோகிராம் கொண்டுபோகும் பட்டறைக்கு நேராது என்று சொல்ல முடியாது.

ஆகவே மெஷின் கம்ப்யூட்டருக்கான வழி: ரிப்பேர் செய்து, அப்படியே வைத்து, தனிமைப்படுத்துவது. நன்றாக ஓடும் ஒரு நாளில் முழு டிஸ்க்கையும் குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் இமேஜாக எடுத்து, அதை வேறொரு டிஸ்க்கில் இறக்கி, அந்த டிஸ்க்கை மாட்டி மெஷின் எழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இணையம் வேண்டாம். புரோகிராம் அனுப்பத் திருத்தமுள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரை இடையில் நிறுத்தி, அதன் வழியாக மட்டும் போகட்டும். மெஷினுக்கென்று தனி பென்டிரைவ். வீட்டுப் படம் ஏற்றியது வேண்டாம். அதே மாடல் மதர்போர்டும் கார்டும் எஸ்பி ரோட்டில் கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்வது பின்னாளில் கைகொடுக்கும்.

இடையில் ஒரு லினக்ஸ்

கேட் என்ட்ரி, வருகைப் பதிவு, பிரவுசர் மட்டும் போதும் என்கிற மேசை — இவற்றில் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்ற கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டு ஓடும், திருத்தமும் வரும். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்தே வந்தது. டேலியும் கேமும் ஓட வேண்டிய இடத்தில் மட்டும் இதை முயல வேண்டாம்.

எந்த நாளில்?

ஆயுத பூஜைக்கு மெஷின்கள் நிறுத்தப்பட்டு, துடைக்கப்பட்டு, பொட்டு வைக்கப்படுகின்றன. இமேஜ் எடுக்கவும் பேட்டரி மாற்றவும் அதைவிடத் தோதான சமயம் சிறு பட்டறைக்குக் கிடைக்காது. அலுவலகக் கம்ப்யூட்டரை மாற்றுவது ஜிஎஸ்டி தாக்கல் முடிந்த வாரத்தில் இருக்கட்டும். மார்ச் மாதம் வேண்டவே வேண்டாம். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாம்பழ வரத்து ஓயும் வரை பொறுப்பது நல்லது. விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மேலேயே நிறுவியவர்கள் பிடிக்காவிட்டால் திரும்பிப் போக 10 நாள் அவகாசம் உண்டு. அந்தப் பத்து நாளுக்குள் பில் அச்சு, டோக்கன் கையெழுத்து, பார்கோடு, மெஷினுக்கு புரோகிராம் அனுப்புவது எல்லாவற்றையும் ஒருமுறையாவது செய்து பார்த்துவிட வேண்டும்.

கடைசியாகக் கழற்றிய டிஸ்க். அதில் வங்கிக் கடவுச்சொல் மட்டும் இல்லை, வாடிக்கையாளர் நிறுவனம் நம்பி அனுப்பிய டிராயிங்குகளும் இருக்கின்றன. சில மாதம் அலமாரியில் வைத்திருந்து, புதிய சிஸ்டத்தில் எதுவும் விடுபடவில்லை என்று உறுதியானதும் முழுதும் அழித்தெழுத வேண்டும். அழிக்க முடியாத அளவு கெட்டிருந்தால் டிரில் மெஷினில் துளையிட்டுவிடலாம். மற்ற பாகங்கள் 2022-இன் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் அல்ல.